டானிக்

விடிவதற்கு முன்பே மெக்கானிக் ஷெட்டில் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறித் தோள்கள் மரத்துவிட்டன. வெளியே வந்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியில் தொங்கியதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தான். புது ஆயில் நூலாக இழுபடும். ஓட ஓட, சூட்டில் வெந்து, இரும்புக்கு நடுவே அரைபட்டு, டீசலும் கசிந்து கலந்து இளைத்துப்போகும். இது தண்ணீராய் மணிக்கட்டு வரை ஓடியது.

"இத ஆயில்னு சொன்னா ஆயிலுக்கே கோவம் வரும்" என்றார் ஹாரன். தொண்டை பெரிதென்பதால் அந்த டிரைவருக்கு அப்படிப் பெயர். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயில் மாற்றுவதை முதலாளி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சின் சூடானால் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டும். கெட்டியான கியர் ஆயிலில் ஒரு குவளை ஊற்றினால் விளக்கு அணையும். நோய் அப்படியே இருக்கும். அந்தக் குவளைக்கு டானிக் என்று பேர் வைத்ததே முதலாளிதான். தினமும் ஊற்றியது மெக்கானிக். "எனக்கும் ஒரு குவளை" என்று கேட்டு வாங்கியது டிரைவர்கள்.

நேற்று சாயங்காலம், ஃபேக்டரி ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வேன் ஒன்று இறக்கத்தில் எஞ்சின் இறுகி நின்றது. எஞ்சின் நின்றதும் பிரேக் கட்டையாகி, மிதித்தும் பிடிக்கவில்லை. வேன் சுவரில் மோதியது. ஓட்டியவர் மெக்கானிக்கின் அக்கா புருஷன். கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வேனுக்குக் காலையில் டானிக் ஊற்றியதும் இதே கைதான். அக்காவிடம் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. கையைக் கழுவினான். மறுபடி கழுவினான்.

முதலாளி காரை விட்டு இறங்கினார்.

"உங்க மாமா தூங்கிட்டார்னு இன்சூரன்ஸ்ல சொல்லியிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"அவர் தூங்கல, முதலாளி. எஞ்சின் புடிச்சுக்கிச்சு."

"புடிக்கிற மாதிரி எதையாவது ஊத்தியிருப்ப. ஆயில்ல நீ என்ன கலக்குறன்னு நான் எட்டியா பாக்குறேன்?"

சுற்றி நின்ற டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளியின் போன் அடித்தது. ஃபேக்டரியிலிருந்து யாரோ கத்தினார்கள். "இதோ கிளம்பிடுச்சு சார்" என்று அதை வைத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஷிஃப்ட் ஆளுங்க ரோட்டுல நிக்கிறாங்க. வண்டிய எடுங்க!"

"எல்லா வண்டியிலயும் லைட் எரியுது, முதலாளி" என்றான் மெக்கானிக்.

"எரிஞ்சா டானிக் குடுத்து எடுடா! தெனமும் உனக்குச் சொல்லணுமா?"

ஹாரன் முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேசினார்.

"என்ன குடுக்கணும், முதலாளி? இன்னொரு தடவ சொல்லுங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "என்னய்யா, மடக்குறீங்களா? ஊர்ல வேற டிரைவரே இல்லையா?"

"இருப்பாங்க. அவங்களுக்கும் கால் ரெண்டுதான்."

ஹாரன் சாவியை பானெட் மேல் வைத்தார். பக்கத்தில் இன்னொரு சாவி விழுந்தது, பிறகு இன்னொன்று.

"நேத்து ஊத்தினது நான்தான்" என்று மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"கேட்டு வாங்கினது நாங்கதான். நீ மட்டும் கழுத்த நீட்டாத" என்றார் ஹாரன். பிறகு முதலாளியிடம் திரும்பினார். "புது ஆயில் வரணும். அவர் தூங்கலன்னு நீங்களே சொல்லணும். அதுவரைக்கும் ஒரு சக்கரம் நகராது."

"எத்தன நாளைக்கு நிப்பீங்கன்னு நானும் பாக்குறேன்." கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. சாவியை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

மெக்கானிக் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அந்த வண்டிக்கு நான்தான்..."

"தெரியும்டா. கண்ணு முழிச்சதும் அவரே சொல்லிட்டாரு. உன்னத் திட்டக் கூடாதாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ வர்றியா?"

"ஷெட்டே வருது."

"உள்ள ரெண்டு பேரத்தான் விடுவாங்க."

"மத்தவங்க வெளிய நிப்பாங்க. அவர் தூங்கலன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் சொல்லணும்ல."



"அப்ப ரோட்டுப் பக்கமா வந்து நில்லுங்க" என்றாள். "இங்க ஜன்னல் அந்தப் பக்கம்தான். படுத்துக்கிட்டே அவருக்குத் தெரியும்."