படிக்கக் கூடாத வயது

அறிவரசன் மகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையின் தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். ரசம் தளும்பி மேசையில் சிந்தியது.

"சின்னப் புள்ள படிக்கிற கதையா இது? ஒரு பொண்ண அலங்காரம் பண்ணி பாம்புக்குக் கட்டி வக்கிறாங்கன்னு எழுதி வச்சிருக்க. இவளுக்கு என்ன வயசுன்னு நெனச்ச?"

மலர்க்கொடி பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவில் இருந்த கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். பாதிதான் படித்திருந்தாள்.

"கடைசியில அந்தப் பொண்ணு தப்பிச்சு வந்துடுறாண்ணே."

"வந்தா என்ன? இவ கெட்டுப் போறதுக்கு முதல் பாதியே போதும்."

மலர்க்கொடிக்குப் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கல்யாணம் முறிந்து வந்தபின் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். அங்கே உட்கார்ந்துதான் 'ஆழிநாகம்' நாவலை எழுதி முடித்தாள். அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த பூமி. அந்தக் கடல் வற்றாமலே இருந்திருந்தால் என்று தொடங்கியது கதை. மழை வேண்டி ஊர்கூடி ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கடல் நாகத்துக்கு மணமுடித்து நீரில் இறக்கிவிடுகிறது. அவள் நாகத்தோடு பேசிப் பேசி, அதன் முதுகிலேயே ஏறித் திரும்பி வந்து, ஊரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள்.

முதல் புத்தகம். வந்த நாளிலிருந்து வயசுப் பேச்சுதான். பதிப்பாளர் தமிழ்மாறன் அட்டையில் 'சிறுவர் நாவல்' என்று போட்டுவிட்டார். "சிறுவருக்குன்னு மட்டும் நான் எழுதலையே சார்" என்றதற்கு, "பேசுற பாம்ப பெரியவங்க யாரும்மா வாங்குவாங்க?" என்றார். விரும்பி வாங்கிய ஒரு பள்ளிக்கூடம், கல்யாண விஷயமெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று புத்தகங்களைத் திருப்பி அனுப்பியது. அரியலூரில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"பேத்திக்குக் குடுக்கலாம்னு பாத்தேன், மனசு வரல. நானே படிக்கலாம்னு ஒக்காந்தா பாம்பு பேசுது. நீங்க யாருக்காகம்மா எழுதுனீங்க?"

கூட்டம் சிரித்தது. மலர்க்கொடி வாயைத் திறப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. பஸ் பெரம்பலூர் வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. இப்போது வீட்டிலும் அதே கேள்வி.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது, அண்ணி ஜோதி கூடத்தில் கீதாஞ்சலிக்குப் பட்டு ஜாக்கெட் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி விசேஷம்?"

ஜோதி நிமிரவில்லை. "வெள்ளிக்கெழம பூ வைக்க வராங்க. கீழப்பழுவூர் மாப்ள. சிங்கப்பூர்ல இருக்காரு. லீவு முடியறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிரணுமாம்."

மலர்க்கொடி அண்ணனிடம் போனாள். "அவளுக்குப் பதினஞ்சு வயசுண்ணே."

"ஆளப் பாரு. வயசுக்கு வந்து மூணு வருசம் ஆவுது. இன்னமும் சின்னப் புள்ளயா?"

"போன வாரம் நீதான சின்னப் புள்ளன்னு சொன்ன."

"அது புத்தகம். இது வாழ்க்கை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத." டிவியின் சத்தத்தைக் கூட்டினான். "உன் கல்யாணத்தக் காப்பாத்திக்கத் தெரியல. என் மக கல்யாணத்துக்கு யோசனை சொல்ல வந்துட்ட."

மாடிப்படியில் கீதாஞ்சலி நின்றிருந்தாள். அழவில்லை. "ப்ளஸ் ஒன்னுக்கு பயாலஜி குரூப்பு கேட்டிருந்தேன் அத்தை" என்றாள்.

மறுநாள் மதியம், பரிசோதனை நிலையத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில், மலர்க்கொடி குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் ஊர், தெரு, பெண்ணின் வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"உங்க பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்லங்க."

அண்ணன் முகம் மனசில் வந்து நின்றது. பெயரை மறைத்தால் அந்த மாடி அறையில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்.

"மலர்க்கொடி. பொண்ணோட அத்தை. எழுதிக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பெண் அதிகாரிகள் ஒரு போலீஸ்காரரோடு வந்தார்கள். மகளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று அறிவரசன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சேதி தெரிந்து மாப்பிள்ளை வீட்டுக் கார் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அதிகாரிகளின் ஜீப் தெருவைத் தாண்டியதும் அவன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள ரூமக் காலி பண்ணிரு."

அவள் பெட்டி அடுக்கும்போது ஜோதி மேலே வந்தாள். திட்டப்போகிறாள் என்று மலர்க்கொடி காத்திருந்தாள். ஜோதி ஒரு புடவையை எடுத்து மடித்துக் கொடுத்தாள், பிறகு இன்னொன்று.

"எனக்குப் பதினாறுல பண்ணி வச்சாங்க மலரு. அன்னைக்கு யாரும் போன் பண்ணல."

வாசலில் ஆட்டோ நின்றது. கீதாஞ்சலி பெட்டியைத் தூக்கி வைத்தாள். எதிர்வீட்டுப் பூங்காவனம் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"நல்ல எடத்துச் சம்பந்தத்தக் கெடுத்துட்டுப் போறா பாரு. கேட்டா சின்னப் புள்ளைங்களுக்குக் கதை எழுதுறவளாம்."

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்தவர்களிடமெல்லாம் மறுத்து மறுத்து அலுத்துப்போன பேச்சு அது.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.