எட்டாயிரத்து எண்பதாம் வாசல்

கம்ப்யூட்டர் திரையில் நீலப் பட்டை அறுபத்திரண்டு சதவீதத்தில் வந்து நின்றுகொண்டது. மவுஸிலிருந்து கையை எடுக்காமலே மகள் தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் மார்பு ஏறியது, இறங்கியது. அடுத்த மூச்சு வரலாமா வேண்டாமா என்று எங்கோ யோசித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பட்டை அறுபத்து மூன்றுக்கு நகர்ந்தது. அம்மாவும் மூச்சை இழுத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்றார் மாமா.

"யாருக்குக் கேக்குறீங்க? கம்ப்யூட்டருக்கா, அம்மாவுக்கா?"

காலையில் டாக்டர் வந்து, "இன்னிக்குத் தாண்டாது" என்றபோது, "சாயங்காலம் வரைக்கும்னு வெச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேட்ட மனிதர் மாமா. டாக்டரும் பாவம், சற்று யோசித்துவிட்டு, "மத்தியானம்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா பட்டன் கடையில் முப்பது வருடம் தன் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். எவன் எதைச் சொன்னாலும் முதலில் சொன்னதை அப்படியே வாங்கிப் பழக்கமில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு கடையின் கம்ப்யூட்டர் இந்த அறைக்கே வந்துவிட்டது. சுவரில் நானூறு வகைப் பட்டன் தைத்த அட்டைகள், அதன் கீழே மேஜை, மேஜைக்கு எதிரே கட்டில். படுத்தபடியே, "அந்தக் கறுப்பு நாலு ஓட்டை அனுப்பியாச்சா?" என்று அம்மா அதட்டுவாள். மூன்று நாளாக அதட்டல் இல்லை. அதற்கு முந்தின இரவு வரை கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: "கப்பல்காரன் எங்க இருக்கான்?"

கப்பல்காரன், அதாவது தம்பி, நடுக்கடலில் இருந்தான். அடுத்த கரைக்கு ஒன்பது நாள். என்ஜின் அறையில் வேலை. பதினான்கு மாதமாக அம்மாவைப் பார்க்கவில்லை. நேற்று கேப்டனின் போனில் இரண்டு நிமிடம் பேசினான். பேசியது அவன் மட்டும்தான். பிறகு அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்: 'ஒரு தடவை முகத்தப் பாக்கணும். எப்படியாவது பண்ணு.'

எப்படியாவது என்பது சுலபமான சொல். அந்தக் கப்பலில் வீடியோ கிடையாது. மெயிலில் படம் வைத்தால் கழற்றிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் கொடுக்கும். ஊருக்கெல்லாம் தெரிந்த தளங்களுக்கு எல்லாம் பூட்டு. சாப்பாட்டு அறையில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரில், யாருக்கும் தெரியாத சின்னப் பக்கம் ஏதாவது இருந்தால் திறக்கும். அதுவும் நம் ஊர் நேரத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை, அவன் சாப்பிடும் நேரத்தில்தான். பிறகு நாலு மணி நேரம் என்ஜினோடு.

கடைக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பவர்தான் வழி சொன்னார். வேறு ஊரில் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். போனில் பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"அக்கா, வெளிய எங்கயும் போக வேணாம். உங்க மெஷினையே சர்வர் ஆக்கிடலாம். கேமரா நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து ஒரு ஃபோல்டர்ல போடும். தம்பி அங்கருந்து பக்கத்தத் தொறந்தா, அது நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா கேக்கும், சர்வர் எடுத்துக் குடுக்கும். கடை மாதிரிதான். நீங்க திறந்து வெச்சிருக்கணும், அவரு வரணும், அவ்ளோதான்."

பதினொன்று இருபதுக்குச் சர்வர் இறங்கும் பட்டை நிறைந்தது. மகள் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினாள். நடுவில் ஒரு சின்னக் கட்டம் குதித்து வந்து ஏதோ கேட்டது. வந்த வேகத்தில் அதை அனுப்பிவைத்தாள். சர்வர் பச்சையாகி, ஒரு நொடியில் சிவந்தது.

"எண்பதாம் நம்பர் வாசல வேற ஏதோ புடிச்சிருக்காம்," என்றாள் போனில்.

"பில் போடுற புரோகிராமா இருக்கும்க்கா. அதோட மல்லுக்கு நிக்காதீங்க. அமைப்பு எழுதின ஃபைலத் தொறங்க, எண்பதுன்னு இருக்கறத எட்டாயிரத்து எண்பதுன்னு மாத்துங்க. முன்வாசல்ல ஆள் உக்காந்திருந்தா பக்கவாசல்."

மாற்றினாள். பச்சை நின்றது. பிறகு இணையப் பெட்டியான ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எட்டாயிரத்து எண்பதைத் தேடி வருகிறவனை இந்த மெஷினுக்கு அனுப்பு என்று எழுதிவைத்தாள். கேமராவை மருந்து ஸ்டூலில் நிறுத்தினாள். மாமா குனிந்து தன் அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்புவதுபோலக் கேமரா பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் முடியை ஒதுக்கிவிடுங்க மாமா."

"இவ இப்படிப் படுத்திருக்கறத அவன் பாக்கணுமா? பாத்துட்டு அங்க போய் நெருப்புக்கு முன்னால நிக்கணும்."

"அவன் கேட்டான்."

"கேட்டதையெல்லாம் குடுத்துருவியா?"

"இதக் குடுப்பேன்."

பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பக்கம் திறந்தது. வெள்ளைத் திரையின் நடுவில் அம்மா, உள்ளங்கை அகலத்துக்கு. கண் பாதி திறந்திருந்தது. கேமராவின் நெற்றியில் நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை விளக்கு சிமிட்டியது. சிமிட்டியதும் திரையில் இருந்த அம்மா இம்மியளவு மாறினாள். மகள் புள்ளி புள்ளியாக இருந்த எண் முகவரியைத் தம்பிக்கு அனுப்பினாள்.

பன்னிரண்டு மூன்றுக்குப் பதில் வந்தது. 'சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணும் வரல.'

'இங்க நல்லாத் தெரியுது. மறுபடி அடி.'

'அடிச்சேன். வரல.'

'எழுத்து சரியா பாத்தியா?'

'நாலு தடவை பாத்துட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?'

கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. அம்மா எப்போதும் இப்படித்தான்: வந்தவன் அடிமாட்டு விலை கேட்டால் அவள் பேசமாட்டாள், வாயைத் திறக்காமல் பட்டனை அடுக்கிக்கொண்டிருப்பாள், அந்த மௌனம் தாங்காமல் அவனே விலையை ஏற்றுவான்.

'இருக்காங்க,' என்று அடித்தாள். கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். பன்னிரண்டு பதினொன்றுக்கு எடுத்தார்.

"பந்தியில இருந்தேன்க்கா, சொல்லுங்க."

"இங்க வருது, அவனுக்கு வரல."

"சர்வர் பச்சையா இருக்கா? இணையப் பெட்டியில நம்பர் சரியா போட்டீங்களா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னாள். அவர் ஒரு நொடி மென்றார். "அக்கா, முதல் தடவை சர்வரத் தொடங்கறப்ப சின்னதா ஒரு கட்டம் வந்து கேட்டிருக்குமே. வெளியாளுங்கள உள்ள விடலாமான்னு."

"கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னுட்டேன்."

"ஏன்க்கா?"

அந்த வீட்டில் நடக்கப் பழகுமுன் கற்றது அது. யார் எதைக் கேட்டுக்கொண்டு வந்தாலும் முதலில் வேண்டாம் என்றுவிட வேண்டும். பிறகுதான் என்ன கேட்டான் என்று யோசிக்க வேண்டும். எத்தனை வியாபாரத்தில் ஜெயித்த கை அது. கேள்வியைப் படிப்பதற்குள் அழுத்திவிட்டது.

"மாமா, மணி என்ன?"

"பதினாலு. பன்னெண்டு பதினாலு."

"இப்ப என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லுங்க."

"பதறாதீங்க. வெளியாளத் தடுக்கற தீச்சுவர், ஃபயர்வால்னு ஒண்ணு இருக்கு, அதத் தொறங்க. இடது பக்கம் இரண்டாவது வரி. கீழ வாங்க. சர்வர் பேரு தெரியுதா? பக்கத்துல சிவப்பா இருக்கும்."

பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் எதையோ கேட்டு, இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவை. நாற்பது பெயருக்குக் கீழே சர்வர் கிடந்தது. வேண்டாம் என்பதை எடுத்துவிட்டு அனுமதியை அழுத்தினாள். 'நிச்சயமாகவா?' என்று அது மறுபடி கேட்டது. "ஆமா, ஆமா, ஆமா" என்று வாய்விட்டே சொன்னாள்.

'இப்பப் பாரு,' என்று தம்பிக்கு அடித்தாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

அவள் திரும்பவில்லை. நர்ஸ் எழுந்து நிற்பது தெரிந்தது. மணிக்கட்டில் இருந்த விரல் கழுத்துக்குப் போனதும், அங்கேயே காத்திருந்ததும் தெரிந்தது. மாமா, "என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். அந்த ஒரு முறை அவர் நர்ஸ் சொன்ன பதிலுக்கு மேல் எதையும் கேட்கவில்லை.

கேமராவின் விளக்கு சிமிட்டி அரை நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் அரை நிமிடத்தில் அடுத்தது. மகள் படம் எடுக்கும் புரோகிராமைத் திறந்து 'நிறுத்து' என்பதை அழுத்தினாள். இதற்கும் அது நிச்சயமாகவா என்று கேட்குமோ என்று பார்த்தாள். கேட்கவில்லை.

சர்வரின் பதிவேட்டில் புதிதாக இரண்டு வரிகள் விழுந்தன. பக்கத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. முன்னால் இதுவரை பார்த்திராத ஒரு எண். நேரம் பன்னிரண்டு பதினெட்டு. வரி முடிவில் இருநூறு: கேட்டது போய்ச் சேர்ந்தது.

போன் அதிர்ந்தது. 'வந்துருச்சு அக்கா. வந்துருச்சு.'

பிறகு, 'இளச்சுட்டாங்க.'

பிறகு, 'என்னையே பாக்கற மாதிரி இருக்கு.'

நர்ஸ் மடித்த வெள்ளைத் துணியோடு கட்டிலருகே வந்தார். மகள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மோவாயக் கட்டணும்மா. நேரமானா முகம்..."

"பன்னெண்டரை வரைக்கும் பொறுங்க சிஸ்டர்."

"கேமராவத்தான் நிறுத்திட்டியே," என்றார் மாமா தணிந்த குரலில். "இங்க என்ன பண்ணினாலும் அவனுக்குத் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுது மாமா. பொறுங்க."

மாமா அழ ஆரம்பித்து, தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். செய்திகள் வந்துகொண்டிருந்தன.

'காது கேக்குதா?'

'சொல்லு.'

'நான் சாப்பிட்டேன்னு சொல்லு. நல்லா இருக்கேன்னு சொல்லு.'

மகள் எழுந்து போய்க் கட்டிலோரம் குனிந்தாள். "சாப்பிட்டானாம்மா. நல்லா இருக்கானாம்." திரும்பி வந்து, 'சொல்லிட்டேன்' என்று அடித்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு, 'சீஃப் என்ஜினியர் கிட்ட பத்து நிமிஷம் கேட்டேன். ரெண்டு குடுத்தாரு.' முப்பத்தொன்றுக்கு, 'போறேன் அக்கா. நாலரைக்கு வந்து பாக்குறேன். அணைச்சிடாத.'

மகள் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள். துணி மோவாய்க்குக் கீழே போனது. மாமா இப்போது சத்தமாகவே அழுதார்.

பதிவேட்டில் வரிகள் நிற்கவில்லை. நிமிடத்துக்கு இரண்டு, அதே எண்ணிலிருந்து விழுந்துகொண்டிருந்தன. ஆனால் படத்தின் வரி முடிவில் இருநூறைக் காணோம். கம்ப்யூட்டர்காரர் இன்னும் போனில் இருந்தார், துண்டிக்க மறந்திருந்தார்கள்.

"முந்நூத்தி நாலுன்னு போடுது. ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. படம் மாறல, கையில இருக்கறதே போதும்னு அவங்க மெஷினுக்குச் சொல்லுது. ஏன், கேமரா நின்னுருச்சா?"

"நான்தான் நிறுத்தினேன்."

கல்யாண வீட்டில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"தம்பி இன்னும் பாத்துட்டு இருக்காரா?" என்றார் கடைசியில்.

"கீழ போயிட்டான். பக்கத்த மூடாமப் போயிருக்கான்."

போனை வைத்துவிட்டு, மருந்து ஸ்டூலில் இருந்த கேமராவை எடுத்து மேஜையில் குப்புற வைத்தாள். நர்ஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். கப்பலின் ஆளில்லாத சாப்பாட்டு அறையில் அந்தக் கம்ப்யூட்டர் நிமிடம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாற்பது, மாறவில்லை. பன்னிரண்டு நாற்பத்தொன்று, மாறவில்லை. மகள் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் மின் வயரில் யார் காலும் தடுக்காதபடி அதைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டாள்.