இந்த வாரத்துப் படம்

சவப்பெட்டியில் கிடந்த தம்பி லெமுவலுக்கு அக்கா வெர்னெல் டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஜாமீன் கம்பெனிக்காரன் ராய்ஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சவ அடக்க நிலையத்துக்குள் வந்தான்.

"ஜாமீன்ல இருக்கிற உங்க தம்பி வாரா வாரம் முகத்தைப் படம் எடுத்து அனுப்பணும். இந்த வாரம் வரல மேடம்."

"செத்துப்போயிட்டான்யா! அன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொன்னேனே."

"நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. சர்டிபிகேட் இருக்கா?"

"டாக்டர் இன்னும் கையெழுத்தே போடல."

"திங்கக்கிழமை கோர்ட். ஆள் வரலன்னா ஓடிட்டான்னு எழுதிடுவாங்க. அப்புறம் உங்க வீடு எங்க கைக்கு வந்துரும்."

காசு வாங்கிக்கொண்டு லெமுவலுக்கு ஜாமீன் நின்ற கம்பெனிக்கு வெர்னெல் வீட்டைத்தான் ஈடாக எழுதிக் கொடுத்திருந்தாள். கம்பெனிக்குக் கட்டிய கட்டணம் போனது போனதுதான். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் திரும்பாது. எல்லாம் ஒரு புல்வெட்டும் மெஷினுக்காக. ரிப்பேருக்குக் கொடுத்தவனே அதை மறந்துவிட்டு, லெமுவல் திருடிவிட்டான் என்று போலீஸுக்குப் போனான். என்ன நடந்தது என்று ஒரு நீதிபதியும் கேட்கவில்லை, வாய்தா மட்டும் போட்டார்கள். வழக்கையே கேட்காமல் வீட்டைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

"படத்தை எடுத்துத் தொலை. முதல்ல தொப்பியைக் கழட்டு."

ராய்ஸ் கழற்றினான். ஃபோனை லெமுவலின் முகத்துக்கு நேரே பிடித்தான். அது இனிமையான பெண் குரலில் பேசியது.

"தயவுசெய்து கண்களைத் திறக்கவும்."

சவப்பெட்டியைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ராய்ஸ் கையைச் சற்று தாழ்த்தி மறுபடி பிடித்தான்.

"தயவுசெய்து கண்களைத் திறக்கவும்."

"ஏத்துக்க மாட்டேங்குது மேடம்."

"நீ நேர்ல பாக்குறியேயா! உன் கண்ணு போதாதா?"

"நான் பார்த்தேன்னு சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

வெர்னெல் சவ அடக்க நிலையத்து முதலாளியிடம் திரும்பினாள்.

"ப்ரூயிட் அண்ணே, நாளைக்கு அடக்கம் வேண்டாம். திங்கக்கிழமை வச்சுக்கலாம். வண்டியைக் கோர்ட் வாசல்ல நிறுத்துங்க, நீதிபதி இறங்கி வந்து பாக்கட்டும்."

"வெர்னெல், கோவத்துல பேசாதம்மா."

"கோவம்தான். எந்தம்பி ஒரு வாய்தாகூடத் தவறினதில்ல அண்ணே."

ராய்ஸ் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

வெர்னெல் சவப்பெட்டியின் மேல் குனிந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற சிவப்பு டையின் முடிச்சை மெல்ல அவிழ்த்தாள்.

"யாராச்சும் வீட்டுக்குப் போய், கோர்ட்டுக்குக் கட்டுவானே, அந்த நீல டையை எடுத்துட்டு வாங்க."