வசந்தாமணியின் ஆடி விரதம்

புதுக் காரின் பின் இருக்கையில் வசந்தாமணி கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மகன் கவின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் மேனேஜர். பாதி வருஷம் வடக்கேதான் இருப்பான். அங்கே மழை பிடித்ததும் திருச்செங்கோட்டுக்கு வந்தவன் கார் வாங்கினான். ஆடி ஞாயிறன்று அம்மாவையும் மனைவி மைதிலியையும் ஏற்றிக்கொண்டு சேலம் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டான். சேலத்தில் எங்கே எது ருசி என்று மைதிலி செல்போனில் பார்த்து வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு பெரிய ஓட்டல், சாயங்காலம் அம்மாபேட்டையில் தட்டுவடை செட்.

வசந்தாமணிக்கு ஒரே பயம்தான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. இதை மகனிடம் எப்படிச் சொல்வாள்? போன வருஷம் வந்த மருமகளிடம்தான் எப்படிச் சொல்வாள்? புதுச் சீட்டு நனைந்துவிட்டால் அப்புறம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

சங்ககிரியில் ரோட்டோரக் கடை ஒன்றில் டிபனுக்கு நிறுத்தினார்கள்.

“எனக்கு வேண்டாஞ் சாமி. விரதம்” என்றாள்.

“சொல்லவே இல்லீங்களேம்மா!” கவின் பக்தியாக வளர்ந்த பிள்ளை. மனைவியிடம் திரும்பினான். “அப்ப அந்த ஓட்டல் வேண்டாம் மைதிலி. அம்மா பட்டினி கெடக்கறப்ப நாம உக்காந்து பிரியாணி திங்கறதா? கோயிலாப் போலாம்.”

மைதிலியின் முகம் வாடியது. வசந்தாமணியோ அந்த ஓட்டலின் கழிப்பறையை நம்பித்தான் காரில் ஏறியிருந்தாள்.

கோட்டை மாரியம்மன், சுகவனேஸ்வரர் என்று கோயில் கோயிலாக ஏறி இறங்கினார்கள். விரதக்காரி தள்ளாடி விழுந்துவிடக் கூடாதென்று கவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான், மைதிலி மறு கையை. யாரிடமாவது கழிப்பறைக்கு வழி கேட்கலாம் என்றால் இருவர் காதிலும் விழும். தெருமுனை அம்மன் கோயில் ஒன்றில் கூழ் ஊற்றினார்கள். கவின் ஒரு சொம்பு நிறைய வாங்கி வந்தான்.

“அம்மன் பிரசாதமுங்கம்மா. விரதத்துக்கு ஆகும்.”

பிரசாதத்தை எப்படி மறுப்பது? கண்ணை மூடிக் குடித்தாள். தாயே, பொய் சொன்னதற்கு என்னை இப்படியா கேட்கிறாய் என்று மனசுக்குள் அழுதாள்.

அம்மாபேட்டையில் மைதிலிக்காகத் தட்டுவடை வண்டியருகே இறங்கியபோது, அம்மன் ஊர்வலம் வந்து தெருவை அடைத்துக்கொண்டது. முன்னே மேளம், பின்னே கூட்டம். இனிக் காரை எடுக்க முடியாது. வசந்தாமணி வண்டியின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, கால் மேல் கால் பின்னி நின்றாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

வண்டிக்காரி அங்காளம்மாள் தட்டுவடைமேல் பீட்ரூட் துருவலை வைத்தபடி அவளை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, ஊட்டுல வெங்காயக் கூடை இருக்குது. தூக்கியார ஒரு கை குடுக்கறியா?”

“நான் வாரேன். அம்மா விரதமுங்க” என்றான் கவின்.

“வெங்காயம் தூக்கினா விரதம் கெட்டுடுமா? நீ வண்டியப் பாத்துக்க தம்பி. வடைய மட்டும் தின்னு தீத்துடாத!”

பக்கத்துச் சந்தில் மூன்றாவது வீடு. அங்காளம்மாள் உள்ளே போனதும் கூடைப் பக்கமே திரும்பவில்லை. பின்கட்டுக் கழிப்பறையில் விளக்கைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். “தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், அழுத்திப் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வெளியே வந்தபோது வசந்தாமணியின் கண் கலங்கியிருந்தது. “விரதமெல்லாம் இல்லீங்க. இதுக்குப் பயந்து பொய் சொன்னேன். அம்மன் என்ன நினைப்பாளோ.”

“அவளும் பொம்பளதானே. அவளுக்குத் தெரியாதா? பேசாம தண்ணி குடி.” ஒரு செம்பை நீட்டினாள்.

வசந்தாமணி நிறுத்தாமல் குடித்தாள். பிறகு இருவரும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

“எனக்கும் ஒரு செட் போடுங்க” என்றாள் வசந்தாமணி.

கவின் பதறினான். “அம்மா, விரதமுங்க!”

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். “விரதமில்ல கண்ணு. ஆபரேஷனுக்கப்பறம் எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியறதில்ல. காரு நனைஞ்சிருமோன்னு பயந்துட்டேன்.”

கவின் காரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். “காரு கெடக்குதுங்கம்மா” என்றான்.

மைதிலி மெதுவாக நெருங்கி வந்து, மாமியார் காதோடு பேசினாள். “அத்தை… நானும் காலையில இருந்து தண்ணியே குடிக்கலீங்க. பாத்ரூம் போகணும்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு…”

வசந்தாமணி அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். “மூணாவது ஊடு அம்மிணி, ஓடு. தாழ்ப்பாள அழுத்திப் போடணும்.”