தட்டோடு வரும் தோழி

மனித குலம் இனி ஒன்றுபட்டே தீரும் என்று 2004-இல் ஆம்பூரில் முடிவாயிற்று. முடிவு செய்தவர் தேவானந்தம். ஷூ கம்பெனி ஒன்றில் பெர்சனல் ஆபீசர். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் நடத்திய பயிற்சி முகாமில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, ‘எல்லாருக்கும் பிரதிநிதித்துவம்’ என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். பசியோடு கேட்டதாலோ என்னவோ, அது தேவானந்தத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

வேலூரில் ஒரு சேவைச் சங்கம் நல்லிணக்க நாடகப் போட்டி அறிவித்ததும் உட்கார்ந்து எழுதினார். அந்தக் காலத்தில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரல் தேய்த்த நான்கு நண்பர்களின் கதை. நடிப்பதும் அதே நால்வர்தான்: குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் நந்தகோபால், நர்ஸ் ஜெயசீலி, ஆம்பூர் பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியையான அஃப்ஸர் ஜஹான், அப்புறம் தேவானந்தம்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை, வேலூர் பாகாயத்தில் ஜெயசீலி வீட்டுக் கூடத்தில் கடைசி ஒத்திகை. நாடகத்தின் பாத்திமாவாகப் பிரியாணித் தட்டோடு உள்ளே வந்த அஃப்ஸர் ஜஹான் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“‘நம்பள்கி உசுரு போனாலும் நிம்பள்கி நட்பு போகாது.’ இத நான் சொல்லமாட்டேன் தேவா.”

“அது பாத்திமா கேரக்டர் பேசறது அஃப்ஸர். நீ இல்ல.”

“எந்த பாத்திமா இப்படிப் பேசி நீ கேட்ட? எங்க வீட்டுல உருது. வெளிய வந்தா தமிழ். இது ரெண்டும் இல்லியே, எந்த ஊரு பாஷ?”

“ஜட்ஜுங்களுக்குப் புரியணும் இல்ல? உன் தமிழ்ல பேசினா நீ இன்னா ஆளுங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அஃப்ஸர் ஜஹான் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் மற்ற இருவருக்கும் பயமாக இருந்தது.

“நாளைக்கு என் டென்த் பொண்ணுங்க வருதுங்க. அம்மா அப்பாவோட. ‘பாய் வீட்டம்மாவுக்கு இன்னா தமிழ் வரும்’னு ஹெச்.எம். கிட்ட போய்க் கேட்ட அம்மா அப்பா. இந்த வருஷம்தான் எனக்கு டென்த் குடுத்திருக்காங்க. அதுங்க முன்னாடி நான் நம்பள்கி நிம்பள்கின்னா, திங்கக்கெழம எந்த மூஞ்சியோட கிளாசுக்குப் போவேன்?”

“எனக்கும் பேஜாராத்தான் இருக்குதுப்பா,” என்றார் நந்தகோபால், வேஷத்துக்கு இட்ட நெற்றிப் பட்டையைத் துடைத்தபடி. “என்னுது பவர்லூம். நீ கைல கைத்தறி நாடாவக் குடுத்து அழ வுடற.”

“நான் வர்றப்பல்லாம் ‘ஸ்தோத்திரம்’னு வர்றேன்,” என்றாள் ஜெயசீலி. “வார்டுல அப்படிச் சொல்லிட்டு ஊசியத் தூக்குனா, பேஷண்ட் எழுந்து ஓடிடுவான்.”

தேவானந்தத்தின் முகம் இறுகியது. ஐக்கியத்துக்காக அவர் பட்ட பாடு இவர்களுக்கு எங்கே புரியும்?

“உன் கேரக்டருக்குப் பேரு அன்பு,” என்றாள் அஃப்ஸர் ஜஹான். “காதல் அவனுக்கு, கண்ணீர் அவனுக்கு, ரெண்டு பக்கத்துக்கு வசனம் அவனுக்கு. நீயும் சர்ச்சுக்குப் போறவன்தானே? அவன் கழுத்துல ஒரு சிலுவையக்கூடக் காணோமே?”

“அவன் பொதுவானவன். ஒரு மனுஷன்.”

“அப்ப நாங்க மூணு பேரும் இன்னா?”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “என் தமிழ்லதான் பேசுவேன். ஒத்துக்கிட்டா வர்றேன். இல்லன்னா நாளைக்குப் பாத்திமா செத்துட்டான்னு சொல்லிக்கோ.”

நாளைக்கு முதல் வரிசையில் கம்பெனி எம்.டி. உட்காரப்போகிறார். முஸ்லிம் இல்லாத நல்லிணக்கத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது? தேவானந்தம் இறங்கி வந்தார்.

“சரி, உன் இஷ்டம். தட்டு மட்டும் இருக்கட்டும்.”

மறுநாள் மேடையில் அந்த இடம் வந்தது. அன்பு வேடத்தில் பக்கத்தில் நின்ற தேவானந்தம் கடைசி நம்பிக்கையோடு, உதடு அசையாமல் “நம்பள்கி” என்று எடுத்துக் கொடுத்தார். அஃப்ஸர் ஜஹான் அவர் பக்கம் திரும்பவில்லை. தட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு, முன்னால் வந்து, “உயிர் போகட்டும், அதற்காக என் சிநேகிதத்தை விட்டுத் தர மாட்டேன்,” என்றாள், வகுப்பில் பாடம் எடுக்கும் குரலில். பின்வரிசையிலிருந்து பெண் பிள்ளைகளின் கைதட்டல் எழுந்தது. பெற்றோர்கள் பக்கமும் சிலர் தட்டினார்கள்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. நால்வரும் மேடையில் வரிசையாக நிற்க, நடுவர் மைக்கைப் பிடித்தார். “அருமையான கருத்து. ஒரே ஒரு குறை. இஸ்லாமியப் பெண்ணாக நடித்த அம்மாவின் தமிழ் ரொம்பச் சுத்தம், அதனால் நம்ப முடியவில்லை. அடுத்த முறை உண்மையான முஸ்லிம் ஒருவரையே நடிக்க வையுங்கள்.”

மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஃப்ஸர் ஜஹான் தேவானந்தத்தைப் பார்த்தாள். மைக் அவரிடம் வந்தது. முன்வரிசையில் எம்.டி. தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“கண்டிப்பா சார், அடுத்த வருஷம் ஏற்பாடு பண்ணிடறோம்,” என்று சொல்லி, தேவானந்தம் ஷீல்டை வாங்கிக்கொண்டார்.