சிரிப்புக்கு முந்தைய வரி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் சித்தப்பா மகள் ஒரு பழைய போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணா, இதுல ஒரே ஒரு வரி குறையுது. எழுதிக் குடு" என்றாள். வீட்டில் ஒருவன் கதை எழுதுகிறான் என்றால் சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு; வேலைக்கு விண்ணப்பம், வாழ்த்துரை, வீட்டுக்காரருக்குப் புகார் எல்லாம் அவன் தலையில்தான். அப்படி ஏதோ என்று நினைத்து, "குடு, பார்க்கலாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

போனில் இருந்தது ஓர் ஒலிப்பதிவு. அதில் அவள் மட்டும் பேசுகிறாள். கேள்வி கேட்கிறாள், நிறுத்துகிறாள், "ம்" என்கிறாள், அடுத்ததைக் கேட்கிறாள். போனின் மறுமுனையில் பேசியவனின் குரல் ஒரு சொல்கூட இல்லை. ஓரிடத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவன் என்ன சொன்னான் என்பதைத்தான் நான் எழுதவேண்டுமாம்.

2

முதல் தொடக்கம்: லிஃப்ட் நின்றபோது வெளியே மழை கொட்டிக்கொண்டி

வேண்டாம். அன்று மழையே இல்லை. கதை தொடங்கினாலே மழையை வரவழைப்பது என்னுடைய கெட்ட பழக்கம்.

இரண்டாவது தொடக்கம். அவள் பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறவள். ஒருநாள் வேலைக்குப் போகையில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவளும், மேலே ஏதோ அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோன பேக்கரிக்காரன் ஒருவனும். அவள் அவசரப் பொத்தானை அழுத்தினாள். அழைப்பு லிஃப்ட் மெக்கானிக்கின் போனுக்குப் போனது. சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"பயப்படாதீங்க, லிஃப்ட் எங்கயும் விழாது. நான் மேல மெஷின் ரூமுக்கு ஏறிட்டிருக்கேன். அதுவரைக்கும் உள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, பாப்போம்."

"என்ன இருக்கு, நாலு சுவருதான்" என்றான் பேக்கரிக்காரன்.

"கண்ணாடி இருக்குமே? அதுல யாரு மூஞ்சி ரொம்ப வெளுத்திருக்கு?"

கேக்கைப் பிடித்திருந்தவன் மூஞ்சிதான். அவள் போட்டுக்கொடுத்துவிட்டாள். கதவு திறந்தபோது, வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தபடி அந்த மெக்கானிக் நின்றான். அன்றிலிருந்து அவன் நெட்டை, பேக்கரிக்காரன் மாவு.

(இவ்வளவு வசதியாக மூன்று பேர் நண்பர்கள் ஆவார்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஆனோமே, அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள்.)

3

பிறகு பிழைப்பு மூவரையும் மூன்று ஊருக்குத் துரத்தியது. ஞாயிறு மதியம் போனில் சேருவார்கள். படம் கிடையாது, குரல் மட்டும். நெட்டை ஒரு பூட்டிய அறையைச் சொல்லாலேயே கட்டுவான். மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, கேள்வி கேட்டுக் கேட்டுச் சாவியைக் கண்டுபிடித்து வெளியே வரவேண்டும். லிஃப்டில் அன்று பொழுதைப் போக்கச் செய்ததுதான் விளையாட்டாக வளர்ந்துவிட்டது. அறையில் குழாய் சொட்டுகிறது என்றால் வீட்டுக் குழாயைச் சொட்டவிடுவான். அலமாரிக் கதவு கிறீச்சிட வேண்டுமானால் தொண்டையாலேயே கிறீச்சிடுவான். நாய், பழைய மின்விசிறி, பக்கத்து அறையில் இருமும் கிழவர் எல்லாம் அவனேதான்.

(அந்த இருமல் நடிப்பில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவான் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு, கடைசியாக ஓர் அறை கட்டுகிறேன் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை.

"யாரும் ரெக்கார்ட் பண்ணக் கூடாது."

"ஏன்டா?"

"ஆபரேஷன் முடிஞ்சும் நான் இருப்பேன்ல? இருக்கிறவனை விட்டுட்டு அதைப் போட்டுக் கேட்டுட்டு உக்காந்திருப்பீங்க. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள். செய்த கையோடு, கணவனின் பழைய போனை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசையாகக் கேட்ட குரல் இனி இருக்காது என்று தெரிந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள். பிள்ளைகள் தூங்குகிறார்களே என்று, எல்லா ஞாயிறும் போல காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். நெட்டையின் குரல் முழுவதும் அவள் காதுக்குள் போய்விட்டது. மேசைமேல் இருந்த போனுக்குக் கிடைத்தது அவள் பேசியது மட்டும்.

4

சரி, அந்த வரி. அறையில் ஒரு கட்டிலும் பூட்டிய பெட்டியும் இருந்தன என்பது அவள் கேள்விகளிலிருந்து தெரிகிறது. "கட்டிலுக்கு அடியில யாரு?" என்கிறாள். ஓர் இடைவெளி. பிறகு சிரிப்பு. மூச்சுத் திணறத் திணற, ஒரு சின்னப் பெண் சிரிக்கிற மாதிரி. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"என்ன சொன்னான்னு உனக்கே ஞாபகம் இல்லையா?"

"இல்லண்ணா. சொல்றதை எல்லாம் போன் பிடிச்சுக்கும்னு நம்பிட்டேன். நான் பாட்டுக்கு அவன் குரலையே கேட்டுட்டிருந்தேன். சொன்னது மனசுல நிக்கல."

"மாவுவைக் கேட்டியா?"

"அவன் ரொட்டி கருகுதுன்னு அடுப்புக்கு ஓடிட்டான். இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிப் புலம்பறான்."

எழுதிப் பார்த்தேன்.

"கட்டிலுக்கு அடியில மாவு. ரொட்டி வெந்துடுச்சான்னு பாத்துட்டிருக்கான்." படித்துக் காட்டினேன். "ம்" என்றாள்.

"கட்டிலுக்கு அடியில உன் மாமியார். சாவி அவங்க இடுப்புலதான். நீயே கேட்டு வாங்கிக்க." உதடு கொஞ்சம் அசைந்தது. அதுவும் எனக்காக.

"கட்டிலுக்கு அடியில நான்தான். காலு ரெண்டும் வெளியில நீட்டிட்டிருக்கு, மிதிச்சுடாதே."

"இது அவன் சொல்ற மாதிரியேதான் இருக்கு" என்றாள். "ஆனா அவன் இதைச் சொல்லல." பிறகு அழுதாள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை. இத்தனை வருடம் நான் எழுதியதெல்லாமே இப்படி, அந்த மாதிரியே இருந்து, அது இல்லாததாகத்தான் இருந்ததோ என்று அன்று எனக்குப் பயமாக இருந்தது.

5

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் இப்போது வைத்திருக்கும் போன் ஒளிர்ந்தது. நெட்டைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவன் வீடு திரும்பிச் சில வாரம் ஆகிறதாம்.* "ஞாயிறு ரூம் ரெடி. நான் டைப் பண்றேன். குழாய் மட்டும் நிஜமாச் சொட்டும், கேட்டுக்கலாம்" என்று எழுதியிருந்தான்.

அனுமதி கேட்காமலே மேலே நகர்த்திப் பார்த்தேன். போன வாரமும் எழுதியிருக்கிறான். அதற்கு முந்தைய வாரமும். எதற்கும் அவள் பதில் போடவில்லை. அவன் எழுதியவை மட்டும் வரிசையாக நிற்கின்றன.

"அவன்கிட்டயே கேளேன்" என்றேன்.

"எப்படிக் கேப்பேன்? ரெக்கார்ட் பண்ணேன்னு சொல்லணும்ல."

"சொல்லு. ரெண்டு திட்டு திட்டுவான், அவ்வளவுதானே?"

"எதை வச்சுண்ணா திட்டுவான்?"

* முதல் வரைவில் நெட்டை இறந்துவிட்டிருந்தான். கதைக்கு அது சுலபம். இருக்கிறவனை அப்படித் தீர்த்துக்கட்ட எனக்கு என்ன உரிமை?

6

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

அவள் கேட்கிறாள். அவன் அந்த வரியை டைப் செய்து அனுப்புகிறான். படிக்கிறாள். சிரிப்பு வரவில்லை. (நடக்கக்கூடியதுதான். அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.)

அவனுக்கும் மறந்துபோயிருக்கிறது. அப்போது இரண்டு பேரும்

அவன் சொன்னது இதுதான்: "கட்டிலுக்கு அடியில ஒரு போன். ரெக்கார்ட் ஆயிட்டிருக்கு." (நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அவள் இதையா மறந்திருப்பாள்? தூக்கிப் போட்டேன்.)

ஆக, என்னால் ஆகவில்லை. நம்பி வந்தவளை வெறும் கையோடு அனுப்பிவிட்டேன். பதிவின் கடைசிப் பகுதியை உள்ளபடியே கீழே தருகிறேன், இடைவெளிகளையும் அவை இருக்கும் இடத்திலேயே விட்டு. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நிரப்பிப் பாருங்கள். கடைசி இடைவெளியை மட்டும் தொடாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

"கட்டிலுக்கு அடியில யாரு?"

(          )

(சிரிப்பு) "ஐயோ! திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுடா!"

(          )

"போதும், வயிறு வலிக்குது. சாவி கிடைச்சாச்சு. கதவைத் திறக்கட்டா?"

(          )

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கலாமே."

(          )

"சரி. திறந்தாச்சு. நீ முதல்ல போனை வை."

(          )

"இல்ல, நீ வை."

(          )

இதற்குப் பிறகு நாற்காலி நகரும் சத்தம். மூக்கை உறிஞ்சுகிறாள். பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். அடுத்த அறையில் ஒரு பிள்ளை விழித்து அவளைக் கூப்பிடுகிறது. அவள் எழுந்து போகவில்லை. அவன் போனை வைத்துவிட்டான் என்று தெரிந்தே, மெதுவாக:

"நெட்டை? இருக்கியா?"

(          )