பார்வைக்கு வைத்த பிள்ளை

அர்த்தநாரி மரியாதையில் மட்டும் யாருக்கும் குறை வைக்காதவர். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜர். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட "போயிட்டு வாங்க அம்மிணி" என்றுதான் நிறுத்துவார். அன்று காலை செக்கிங் டேபிளில் நின்ற நாகஜோதியிடமும் அந்த மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

"உங்க பாப்பா லிஸ்ட்ல இல்லீங்க அம்மிணி."

நாகஜோதியின் ஒன்றரை வயது மகள் தன்ஷிகாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டால், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் வாரத்தில் லீவே கிடையாது, கேட்டுக்குள் நுழைந்தவர் ஷிப்ட் முடியாமல் வெளியே போகவும் கூடாது என்று சட்டம். போகட்டும், இன்று பஸ்ஸில் டாக்டர் வருகிறாரே என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டு ராமுத்தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்த பஸ்ஸின் பெருமையைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்காக விடப்பட்ட நடமாடும் மருத்துவமனை. வெளியே யானை, முயல், வானவில் என்று எல்லாம் வரைந்திருந்தது. எட்டு மாதமாக உள்ளே டாக்டர் மட்டும் இல்லை. ஒரு நர்ஸ் வருவாள். இருமலுக்கு ரோஸ் கலர் டானிக், வயிற்றுப்போக்குக்கும் அதே ரோஸ் கலர் டானிக். இன்று அந்த பஸ்ஸைப் பார்க்க பையர் நிஜமாகவே வருவதால் டாக்டரும் நிஜமாகவே வருகிறார்.

எந்த ஆர்டரானாலும் முதலில் பையருக்கு சாம்பிள் காட்டுவது திருப்பூர் வழக்கம். கறையில்லாத, ஓட்டையில்லாத, நூல் பிசிறில்லாத பீஸ்களாகப் பொறுக்கி வைப்பார்கள். அர்த்தநாரி அதே கையோடு பிள்ளைகளையும் பொறுக்கிவிட்டார். மூக்கு ஒழுகக் கூடாது. அழக் கூடாது. தலையில் சிரங்கு இருக்கக் கூடாது. மொத்தத்தில், ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைக்கு நோய் இருக்கக் கூடாது.

இந்தக் கணக்குக்கு லைன் வீடுகளில் ஒன்பது பிள்ளைகள்தான் தேறின. பத்தாவதாக முதலாளியின் பேத்தி அக்ஷராவைக் காரில் கூட்டிவந்திருந்தார்கள். கொழுகொழுவென்று பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அம்மா போட்டிருந்த நகைக்கு அவளைத் தொழிலாளி என்று சொன்னால் பையர் நம்ப மாட்டார்.

"நீங்க யூனிபார்ம்ல இருக்கறீங்க. அஞ்சே நிமிசம், பாப்பாவுக்கு அம்மாவா உக்காந்துக்குங்க கண்ணு" என்றார் அர்த்தநாரி நாகஜோதியிடம்.

நாகஜோதிக்கு டாக்டர் முன்னால் உட்கார வேறு வழி ஏது? அக்ஷராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

உள்ளே வெள்ளைக்காரப் பையரம்மா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சுபஸ்ரீ சின்ன வயசுக்காரி. நோயே இல்லாத ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக் களைத்துப்போயிருந்தாள். அக்ஷராவின் நெஞ்சில் குழாயை வைத்தபடி, "பாப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டாள்.

"மூணு நாளாக் காய்ச்சல் டாக்டரம்மா. மூச்சு இழுக்கும்போது விலா உள்ள போகுது. நேத்து ராத்திரியிலிருந்து பால் குடிக்கல. கூப்பிட்டாலும் கண்ணத் தொறக்க மாட்டேங்கு."

டாக்டர் குழாயை எடுத்துவிட்டு அக்ஷராவைப் பார்த்தாள். அக்ஷரா அவளைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தக் குழந்தைக்கா?"

"இது பார்வைக்கு வச்ச பீஸு டாக்டரம்மா. எம்புள்ள பின்னால லைன் வீட்டுல கெடக்கு."

என்ன சொல்கிறாள் என்று பையரம்மா கேட்டாள். மனம் நிறைந்து நன்றி சொல்வதாக அர்த்தநாரி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். ஆனால் டாக்டர் எழுந்துவிட்டாள். நாகஜோதி அக்ஷராவை அர்த்தநாரியின் கையில் திணித்துவிட்டு, டாக்டருக்கு வழிகாட்டி முன்னால் ஓடினாள். லிஸ்டில் இருந்த பிள்ளை அழவே கூடாது என்ற விதியை அக்ஷரா அங்கேயே உடைத்தது. கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டினான். டாக்டர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தன்ஷிகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் அவளை வாரி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கே திரும்பி ஓடிவந்தாள்.

"ஆக்சிஜன் எங்க?"

"சிலிண்டர் படம்தான் மேடம் ஒட்டியிருக்கு. உள்ள ஒன்னும் கெடையாது" என்றார் டிரைவர் சகாயராஜ். சொல்லிக்கொண்டே சாவியைத் திருகிவிட்டார்.

"ஏனுங்க, பையர் இன்னும் போட்டோ எடுக்கலீங்களே!" என்று, பையரம்மாவோடு கீழே நின்ற அர்த்தநாரி பின்னால் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்த பஸ் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஹாரனை அழுத்தியபடி அவிநாசி ரோட்டில் பறந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். இன்னும் ஒரு பகல் போயிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். நாகஜோதி அதைக் கேட்டு வராண்டாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை அர்த்தநாரி ஒரு கூடை ஆப்பிளோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்தார். பையரம்மாவுக்கு ஒரே சந்தோஷமாம். கம்பெனி பஸ் ஒரு உயிரைக் காப்பாற்றியதை அவர்கள் நாட்டுப் புத்தகத்தில் போடப்போகிறார்களாம். தன்ஷிகா கண் திறந்திருந்தாள். முகத்தை மூடி ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது.

போட்டோகிராபர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தான். பாப்பா முகம் தெரியவில்லை என்றான்.

"ரெண்டே நிமிசம் அம்மிணி" என்றார் அர்த்தநாரி, மரியாதை துளியும் குறையாமல். "அந்த மாஸ்க்கை மட்டும் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா…"

நாகஜோதி எழுந்து அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"மொதல்ல நீங்க மூக்கையும் வாயையும் ரெண்டு நிமிசம் பொத்திக்கிட்டு நில்லுங்க சார். நான் கடிகாரம் பாக்கேன். நீங்க நின்னு முடிச்சதும் நானே கழட்டித் தாரேன்."

பக்கத்துப் படுக்கைக்காரிகள் எல்லாரும் திரும்பி அர்த்தநாரியையே பார்த்தார்கள். போட்டோகிராபர் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.